நாற்பது பாயின்ட் ஆபீஸுக்கு எந்த போன் சிஸ்டம்?

போன் சிஸ்டம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெண்டரிடம் சொல்வது ஒரே வரிதான்: "நாப்பது எக்ஸ்டென்ஷன் வேணும், கொட்டேஷன் அனுப்புங்க." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் பொருத்தமான சிஸ்டத்தைக் கொடுக்க முடியாது. எந்த நம்பரை இழக்கக் கூடாது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியே பேசுவார்கள், கம்பி எங்கிருந்து எங்கே எத்தனை மீட்டர் போகிறது, கரண்ட் போனால் எவையெல்லாம் ஓட வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை போன் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

பேச்சுக்கு, திருப்பூரில் நடுத்தர அளவில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஆபீஸ். மெர்ச்சன்டைசர்கள், அக்கவுன்ட்ஸ், ஷிப்பிங், சாம்பிள் ரூம் எல்லாம் சேர்த்து 24 மேஜை. பின்னால் ஷெட். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஸ்டோர்ஸ், கேன்டீன், ஜெனரேட்டர் ரூம், இரண்டு கேட் என்று 16 இடம். மொத்தம் 40 பாயின்ட். இப்படிப்பட்ட இடத்துக்கு முழுக்க ஐபி போன் (கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடுவது) போடுவதும் தவறு, முழுக்கப் பழைய அனலாக் ஈபிஏபிஎக்ஸ் (இரண்டு கம்பி போன்களுக்கான எக்ஸ்சேஞ்ச் பெட்டி) போடுவதும் தவறு. ஆபீஸ் பக்கம் ஐபி, ஷெட் பக்கம் அனலாக் என்று கலந்து போடுவதுதான் சரி. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நம்பர்

0421-இல் தொடங்கும் பழைய லேண்ட்லைன் நம்பர் விசிட்டிங் கார்டிலும் இன்வாய்ஸிலும் பையர்களின் ஃபைல்களிலும் இருபது வருடமாக அச்சாகியிருக்கும். மொபைலைப் போல லேண்ட்லைன் நம்பரை இன்னொரு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய நம் நாட்டில் வழியில்லை. புது எஸ்ஐபி டிரங்க் (ஐபி நெட்வொர்க் வழியாக வரும் வெளி லைன்) எடுத்தால் புது நம்பர்தான் வரும். ஆகவே பழைய லைனை சரண்டர் செய்துவிடாதீர்கள். காப்பர் லைனாக இருந்தால் அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு, அதே நம்பரோடு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஓஎன்டி என்ற ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டில் அந்த நம்பர் வரும். அதை உங்கள் சிஸ்டத்தோடு இணைக்க எஃப்எக்ஸ்ஓ போர்ட், அதாவது வெளி லைனைச் செருகும் போர்ட், தேவை. எனவே வாங்கும் பெட்டியில் (பிபிஎக்ஸ், எல்லாப் போன்களையும் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) குறைந்தது 2 எஃப்எக்ஸ்ஓ இருக்கட்டும்.

எல்லோர் கையிலும் மொபைல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெர்ச்சன்டைசர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய மொபைல் நம்பரோடு டையிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி யூனிட்களின் தொடர்பும் சேர்ந்து போய்விடும். மேஜை நம்பர் கம்பெனியிலேயே இருக்கும். இந்தச் செலவுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

எத்தனை லைன்?

24 பேர் இருப்பதால் 24 வெளி லைன் தேவையில்லை. காலை 10 முதல் 12 வரைதான் கால் குவியும் நேரம். அந்த நேரத்தில் ஒருவர் மணிக்குச் சராசரியாக 10 நிமிடம் வெளியே பேசுகிறார் என்று வைத்தால் 240 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 4. இதைத்தான் 4 எர்லாங் என்பார்கள். எர்லாங் பி சூத்திரப்படி 4 எர்லாங் சுமைக்கு 8 சேனல் (ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கால்) இருந்தால் நூறு காலில் மூன்று பிஸி ஆகும். 10 சேனல் இருந்தால் இருநூறில் ஒன்று. எனவே 10 சேனல் எஸ்ஐபி டிரங்க் போதும். 30 சேனல் பிஆர்ஐ (பழைய வகை டிஜிட்டல் லைன்) எடுத்தால் 20 சேனல் சும்மா கிடக்கும். பிஆர்ஐயை இ1 லைனில் 30 சேனலாகவே தருவார்கள், அதற்குத் தனி கார்டும் வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அலைவரிசையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஒரு கால், ஈதர்நெட் ஓவர்ஹெட் எல்லாம் சேர்த்து, ஒரு திசைக்கு சுமார் 87 கேபிபிஎஸ் எடுக்கும். பத்துக் கால் என்றால் 0.9 எம்பிபிஎஸ்கூட வராது. பேச்சு உடைந்து உடைந்து வருவதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். சாம்பிள் ரூமில் யாராவது 2 ஜிபி டிசைன் ஃபைலை அப்லோட் செய்யும்போது பேச்சுப் பாக்கெட் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிடும். அதனால்தான் போன்களுக்குத் தனி விலான் (அதே கேபிளில் பிரித்து வைத்த நெட்வொர்க்) போட்டு, ஸ்விட்சிலும் ரவுட்டரிலும் டிஎஸ்சிபி 46-க்கு, அதாவது பேச்சுப் பாக்கெட்டில் இருக்கும் அடையாளத்துக்கு, முன்னுரிமை கொடுக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத ஸ்விட்சை, அதாவது அன்மேனேஜ்ட் ஸ்விட்சை, போனுக்கு வாங்காதீர்கள்.

பெட்டி

இந்த அளவுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் யூசிஎம்6302 போன்ற ஐபி பிபிஎக்ஸ் தாராளம். 2 எஃப்எக்ஸ்ஓ, 2 எஃப்எக்ஸ்எஸ் (சாதாரண போனைச் செருகும் போர்ட்) அதிலேயே உண்டு. யீஸ்டார், மேட்ரிக்ஸ் இரண்டிலும் இதற்கு ஈடான மாடல்கள் கிடைக்கும். மேட்ரிக்ஸ் வதோதராவில் தயாராகிறது. அனலாக் கார்டு அதிகம் வேண்டுமானால் அவர்களுடைய எடர்னிட்டி வரிசையில் அனலாக்கும் ஐபியும் ஒரே சேஸிஸில் வரும். டேட்டாஷீட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் "500 யூசர்" என்பதைப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை கால் தாங்கும், ரெக்கார்டிங் ஆன் செய்தால் அந்த எண் எவ்வளவு குறையும், எவை வருடச் சந்தாவோடு வருகின்றன என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும். சந்தா முடிந்தால் எந்தெந்த வசதி நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னும் பல ஆபீஸ்களில் பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல பெட்டிதான். ஆனால் முழுதாக விரித்தாலும் 8 வெளி லைன், 24 எக்ஸ்டென்ஷனோடு முடிந்துவிடும். இன்று அதற்கு கார்டு தேடிப் பணம் போடுவது வீண். பழைய டிஜிட்டல் கீ போன்களை (பல பட்டன்கள் கொண்ட சிறப்பு போன்கள்) புதுப் பெட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒரு பிராண்டின் கீ போன் அந்த பிராண்டின் பெட்டியோடுதான் பேசும். சாதாரண இரண்டு கம்பி போன்கள் மட்டும் எங்கும் பொருந்தும்.

லைன் தொங்குவது ஏன்?

பழைய லேண்ட்லைனை எஃப்எக்ஸ்ஓவில் செருகியதும் எல்லா ஊரிலும் வரும் புகார் இது: "யாரும் பேசலை, ஆனா லைன் பிஸியாவே இருக்கு." காரணம் எளிது. வெளியிலிருந்து பேசியவர் போனை வைத்துவிட்டார் என்று அனலாக் லைன் பெரும்பாலும் பெட்டிக்குத் தனியாக ஒரு சிக்னல் கொடுப்பதில்லை. பிஸி டோனை மட்டும் ஒலிக்கவிடும். ஐவிஆரிலோ (எண்ணை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல்) வாய்ஸ்மெயிலிலோ கால் நிற்கும்போது அதைக் கேட்க மனிதர் யாரும் இல்லை. பெட்டிதான் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். பெட்டி அமெரிக்க செட்டிங்கிலேயே இருந்தால் 480, 620 ஹெர்ட்ஸ் கலந்த, அரை விநாடி டோனுக்குக் காத்திருக்கும். அது ஒருபோதும் வராது, லைனும் விடாது. டோன் பகுதியில் நாட்டை இந்தியா என்று மாற்றி, பிஸி டோன் டிடெக்‌ஷனை ஆன் செய்து, மூன்று அல்லது நான்கு சுற்று கேட்ட பிறகு கட் செய்யும்படி வையுங்கள். ஒன்றிரண்டு சுற்று என்று வைத்தால் பேச்சின் நடுவே கால் அறுந்துவிடும். லைனில் போலாரிட்டி ரிவர்சல் (கால் முடிந்ததும் இரண்டு கம்பிகளின் பிளஸ், மைனஸ் இடம் மாறுவது) கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், அது இதைவிட நம்பகமானது.

காலர் ஐடியும் இதே கதைதான். பல காப்பர் லைன்களில் முதல் மணிக்கு முன்பே, போலாரிட்டி மாறியவுடன், டிடிஎம்எஃப் முறையில் (பட்டன் ஒலிகளாக) நம்பர் வரும். பெட்டி எஃப்எஸ்கே என்ற வேறு முறையில் இருந்தால் எல்லா காலும் "அன்நோன்" என்றே காட்டும். ஃபைபருக்கு மாறியபின் ஓஎன்டி எஃப்எஸ்கேயில் அனுப்பக்கூடும். அப்போது பெட்டியையும் மாற்ற வேண்டும்.

கேபிளும் பிஓஇயும்

ஐபி போனுக்கு கேபிள் வழியாகவே கரண்ட் போகும், இதைத்தான் பிஓஇ என்பார்கள். எனவே கேபிள் சுத்த செம்பாக இருந்தே ஆக வேண்டும். கேட்6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சடித்து, விலை குறைவாக, உள்ளே அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கம்பியோடு வரும் சுருள்கள் சந்தையில் நிறைய. சுருளைப் பிரித்து ஒரு கம்பியின் தோலை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடமும் செந்நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளை தெரிந்தால் அலுமினியம், அந்தச் சுருளைத் திருப்பி அனுப்புங்கள். அலுமினியக் கம்பி இரண்டு முறை வளைத்தால் ஆர்ஜே45 பிளக்கின் கழுத்திலேயே ஒடியும். மின்தடை அதிகம் என்பதால் தூரத்துப் போன் தானாக ரீபூட் ஆகும். சுவர் சாக்கெட்டான கீஸ்டோனிலிருந்து பேட்ச் கார்டு (இணைக்கும் குட்டிக் கேபிள்) வரை எல்லாம் சேர்த்து 100 மீட்டருக்குள் முடிய வேண்டும்.

அடுத்து ஸ்விட்ச். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் தரும். சாதாரண மேஜை போன் எடுப்பது 2 முதல் 4 வாட். 24 போனுக்கு 96 வாட் என்று வைத்தால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து 250 வாட் பட்ஜெட் உள்ள 24 போர்ட் ஸ்விட்ச் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் சில ஸ்விட்ச்கள், போன் தன்னைக் கிளாஸ் 3 (15.4 வாட் வரை ஒதுக்க வேண்டிய வகை) என்று சொன்னதும், அது எடுக்கிறதோ இல்லையோ, 15.4 வாட்டை அதற்கென்று ஒதுக்கிவைத்துவிடும். 250-ஐ 15.4-ஆல் வகுத்தால் 16. பதினேழாவது போனில் விளக்கே எரியாது. போன் கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாள் போய்விடும். ஸ்விட்சின் பிஓஇ செட்டிங்கில், உண்மையில் எடுக்கும் அளவுக்கு ஒதுக்கும் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சிசிடிவி கேமராக்களை இதே ஸ்விட்சில் செருகாதீர்கள். பகலில் எல்லாம் ஓடும். இருட்டியதும் கேமராக்களின் ஐஆர் விளக்கு எரிந்து மின்சுமை கூடும். பட்ஜெட் தாண்டினால் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை ஸ்விட்ச் அணைத்துவிடும். கேமரா கடைகளில் விற்கும் பாஸிவ் பிஓஇ இன்ஜெக்டர்களும் வேண்டாம். அவை எதிரே இருப்பது என்ன கருவி என்று கேட்காமலே வோல்டேஜை ஏற்றுபவை.

ஷெட்டுக்கு ஏன் அனலாக்

கேட், ஆபீஸிலிருந்து 180 மீட்டர் தூரம். கேட்6 கேபிள் அங்கே எட்டாது. ஃபைபர் போட்டால் இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர், கேட்டில் ஒரு யுபிஎஸ், அதற்கொரு பெட்டி. இவ்வளவும் ஒரு வாட்ச்மேன் போனுக்காக. அதே இடத்துக்கு ஏற்கெனவே பூமிக்கடியில் 0.5 மிமீ டெலிபோன் கேபிள் போகிறது. அனலாக் லைன் அதில் சிரமமில்லாமல் போகும், போனுக்கான கரண்டும் லைனிலேயே வந்துவிடும். பஞ்சுத் தூசி படியும் இடத்தில், கை தவறி விழும் இடத்தில், சில நூறு ரூபாய் போன் போதும். பவர் டேபிள் பக்கம் மணி கேட்காது, அங்கே லைனுக்கு இணையாக ஒரு வெளி பெல்லோ, மணியடித்தால் மின்னும் விளக்கோ மாட்டுங்கள்.

ஷெட்டுக்குள் இருக்கும் 14 போன்களுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஎக்ஸ்டபிள்யூ4216 போன்ற 16 போர்ட் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே, அதாவது அனலாக் போன்களை ஐபி சிஸ்டத்தோடு இணைக்கும் பெட்டி. இரண்டு கேட் லைன்களை மட்டும் அதில் சேர்க்காமல் தனியாக எச்டி802 என்ற இரண்டு போர்ட் ஏடிஏவில் (சின்ன கேட்வே) போடுங்கள். வெட்டவெளியில் போகும் கம்பிதான் இடியை உள்ளே கொண்டுவருவது. ஐப்பசி மழையில் ஒரு மின்னல் விழுந்தால் சின்ன ஏடிஏ மட்டும் போகும், 16 போர்ட் கேட்வே தப்பிக்கும். கேட் கேபிளின் இரு முனையிலும் க்ரோன் மாட்யூலில் (கம்பி ஜோடிகளை இணைக்கும் கட்டை) ஜிடிடி புரொடெக்டர் (மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்புவது) போட்டு, அதன் எர்த்தை அந்தந்த முனையின் எர்த்தோடு தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். எர்த் இல்லாத புரொடெக்டர் வெறும் அலங்காரம். பல இடங்களில் மாட்யூல் வரிசையாக இருக்கும், பச்சைக் கம்பி மட்டும் எங்கும் போகாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

கரண்ட்

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸைத் தவிர்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சேஞ்ச்ஓவருக்கு ஆகும் பத்து விநாடியில் ஸ்விட்ச், பிபிஎக்ஸ், போன் எல்லாம் அணைந்து, திரும்ப பிபிஎக்ஸில் ரெஜிஸ்டர் ஆக (பதிவாக) சில நிமிடம் எடுக்கும். அதுவும் கரண்ட் போகும்போது ஒன்று, திரும்ப வரும்போது ஒன்று என்று இரண்டு முறை.

சுமையைக் கூட்டுங்கள். போன்கள் 96 வாட், ஸ்விட்ச் 25, பிபிஎக்ஸ் 15, கேட்வே 25, ஓஎன்டி இரண்டும் ரவுட்டரும் சேர்த்து 35. சுமார் 200 வாட். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்றுதான், அதாவது 84 வாட்-ஹவர். பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். 1 கேவிஏ, 36 வோல்ட் யுபிஎஸ்ஸில் 26 ஏஎச் பேட்டரி மூன்று போட்டால் 936 வாட்-ஹவர். இழப்பெல்லாம் போக இரண்டரை மணி நேரம் ஓடும்.

ஓஎன்டிதான் இதில் எப்போதும் விட்டுப்போவது. ஃபைபர் போட வந்தவர் ரிசப்ஷன் சுவரில் மாட்டி, பக்கத்தில் இருந்த பிளக்கில் அடாப்டரைச் செருகிவிட்டுப் போயிருப்பார். உள்ளே ரேக் முழுக்க யுபிஎஸ்ஸில் ஓடும், போன்களில் விளக்கு எரியும், ஆனால் வெளியே ஒரு கால் போகாது.

மேஜை போன்

இதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள், இதில்தான் சிக்கல் குறைவு. மாடல் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஆர்பி2601-இல் பிஓஇ கிடையாது, ஜிஆர்பி2601பி-யில் உண்டு. யீலிங்க் டி31பி-யில் பிஓஇ உண்டு, ஆனால் நெட்வொர்க் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கம்ப்யூட்டரைப் போனின் பின்பக்க போர்ட்டில் செருகினால் அதன் வேகமும் 100-ஆகச் சுருங்கும். டிசைன் ஃபைல் கையாளும் மேஜைக்கு டி31ஜி. ரிசப்ஷனுக்கு மட்டும் பிஎல்எஃப் பட்டன்கள் நிறைய உள்ள போன் வாங்குங்கள், யார் பேசுகிறார்கள் என்று பார்த்து கால் மாற்ற அது வேண்டும். ஹெட்செட் வாங்கும்போது ஆர்ஜே9 பிளக் பொருந்துவதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே மைக், ஸ்பீக்கர் கம்பிகளின் வரிசை பிராண்டுக்கு பிராண்டு மாறும்.

எண் அமைப்பு

எக்ஸ்டென்ஷனை 100-இலிருந்து தொடங்காதீர்கள். 100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசரம். ஷெட்டில் ஒருவருக்கு அடிபட்டு யாராவது 108 அடித்தால் ஸ்டோர்ஸில் மணி அடிக்கக் கூடாது. 200-இலிருந்து தொடங்குங்கள், அவசர எண்கள் எந்த முன் எண்ணும் இல்லாமல் எல்லாப் போனிலிருந்தும் வெளியே போகட்டும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஊழியர்களைப் பழக்கப்படுத்துவதைவிட பெட்டியைப் பழக்குவது எளிது. 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் தானாக 0 சேர்க்கவும், +91 வந்தால் வெட்டிவிட்டு 0 சேர்க்கவும் அவுட்பவுண்ட் ரூலில் எழுதுங்கள்.

கால் அறுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

எஸ்ஐபி கோளாறுகளில் பாதியை நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். எடுத்துப் பேசி சரியாக 32 விநாடியில் அறுந்தால், பதிலுக்கு வரவேண்டிய ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புதல் செய்தி) மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் ரவுட்டரில் எஸ்ஐபி செய்திகளைத் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதிதான் காரணம், அதை அணையுங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் செஷன் டைமர் (கால் இன்னும் இருக்கிறதா என்று இடையிடையே சரிபார்ப்பது) ஒத்துப்போகவில்லை. மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது என்றால் பேச்சுப் பாக்கெட் வரும் வழி தவறு. டிரங்க் கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் சிக்னலை ஒரு ஐபியிலிருந்தும் குரலை வேறொரு ஐபியிலிருந்தும் அனுப்பும். இரண்டுக்கும் பிபிஎக்ஸில் ஸ்டாட்டிக் ரூட் (எந்த வழியாகப் போக வேண்டும் என்ற நிலையான விதி) எழுத வேண்டும். அந்த ஐபி பட்டியலைக் கனெக்‌ஷன் தரும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே பாஸ்வேர்ட் ஊகிக்கும் புரோகிராம்கள் தட்டத் தொடங்கும். எக்ஸ்டென்ஷன் 205, பாஸ்வேர்டும் 205 என்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் லைனில் வெளிநாட்டுக் கால்கள் போகும், பில் உங்கள் பெயரில் வரும். ஐஎஸ்டி தேவைப்படும் நாலைந்து பேருக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்குப் பூட்டுங்கள். வெளியிலிருந்து பயன்படுத்த வேண்டியவர்களுக்கு விபிஎன் அல்லது பிபிஎக்ஸ் நிறுவனத்தின் சொந்த ஆப்.

ரெக்கார்டிங் வேண்டுமானால் கணக்கு இது: 8 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல் நிமிடத்துக்கு 0.96 எம்பி. 24 பேர் தினம் ஒரு மணி நேரம் பேசினால் மாதம் 36 ஜிபி. பெட்டியின் உள் நினைவகத்தில் வைக்காமல் 1 டிபி டிஸ்க்கை வெளியே மாட்டினால் இரண்டு வருடம் கடந்தும் நிற்கும்.

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் அட்மின் பாஸ்வேர்ட், கன்ஃபிகரேஷன் பேக்கப் ஃபைல், எந்த க்ரோன் ஜோடி எந்த எக்ஸ்டென்ஷன் என்ற அட்டவணை மூன்றையும் கையில் வாங்குங்கள். பாஸ்வேர்டை வெண்டர் வைத்துக்கொண்டால் ஒரு எக்ஸ்டென்ஷன் பெயர் மாற்றக்கூட அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். பிறகு அவர் முன்னிலையிலேயே மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். ரிசப்ஷனிலிருந்து ஒரு மொபைலுக்கும், மொபைலிலிருந்து 0421 நம்பருக்கும், கேட்டிலிருந்து ஸ்டோர்ஸுக்கும் அடித்துப் பாருங்கள். மொபைலிலிருந்து அடித்த காலை ஐவிஆரில் விட்டு கட் செய்து, இருபது விநாடிக்குள் லைன் விடுகிறதா என்று ஸ்டேட்டஸ் பக்கத்தில் பாருங்கள். அதன் பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.